ட்வின் கேம் 96 எஞ்சினுக்கு எந்த கேம் போடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: ஹார்லி-டேவிட்சன் பைக்கின் ட்வின் கேம் 96 எஞ்சின். ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டையும் மாற்றி டியூன் செய்தாயிற்று. ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) பிஸ்டனையும் தொடுவதாக இல்லை. இதற்கு எந்த கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) போட்டால் நல்ல பவர் கிடைக்கும்? நண்பர் தன் வண்டியில் 0.640 இன்ச் லிஃப்ட் (வால்வை எவ்வளவு தூக்கித் திறக்கிறது என்ற அளவு) உள்ள கேமைப் போட்டுப் பிரமாதமாக ஓட்டுகிறார், அதையே நானும் போடலாமா? பவர் என்று ஆரம்பித்திருந்தாலும், கடைசி வரியில் உண்மையான குறையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பின்னால் மனைவியும் பெட்டி நிறையச் சாமான்களும் இருக்க, ஆறாவது கியரில் மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது, ஒவ்வொரு முறையும் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது 2,500 ஆர்பிஎம்மில் இழுவை. 5,500-ல் கிடைக்கும் குதிரைத்திறன் இதற்கு உதவாது. இந்த இரண்டையும் ஒரே கேம் தராது. ஹெட்டையும் பிஸ்டனையும் தொடாத எஞ்சினில் நிச்சயமாகத் தராது.

பல வருடங்களாக இந்த எஞ்சின்களைப் பிரித்துக் கோர்த்து வருகிறேன். கேம் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது லிஃப்ட் எவ்வளவு என்றுதான். அட்டைப்பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் அது. நான் முதலில் பார்ப்பது, கூடவே வரும் காகிதத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வேறொரு எண்ணை. இன்டேக் வால்வு, அதாவது கலவையை உள்ளே விடும் வால்வு, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எத்தனை டிகிரி சுற்றியதும் மூடுகிறது என்பதே அது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்டேக் வால்வு திறந்திருக்கிறது, காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டவுடன் வால்வு மூடிவிடும் என்றுதான் நினைப்போம். அப்படி மூடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இது லாபம். குழாயில் ஓடிவரும் காற்றுக்கு ஒரு வேகம் இருப்பதால், பிஸ்டன் மேலே வந்தாலும் அது நிற்காமல் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும், சிலிண்டர் இன்னும் நன்றாக நிறையும். மெதுவாகச் சுற்றும்போது இதுவே நஷ்டம். காற்றுக்கு அந்த வேகம் இல்லை. மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். ஆகவே தாமதமாக மூடும் கேம் மேல் ஆர்பிஎம்மில் கொடுப்பதைக் கீழ் ஆர்பிஎம்மிலிருந்துதான் எடுத்துக்கொடுக்கிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உங்கள் 96-ன் போர் (சிலிண்டரின் குறுக்களவு) 3.75 இன்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4.375 இன்ச், கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.2-க்கு 1. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 30 டிகிரியில் வால்வு மூடினால், அதற்குள் பிஸ்டன் ஏறியிருப்பது மொத்த ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் கலவையை அழுத்தப் பயன்படுகிறது. உண்மையில் நடக்கும் கம்ப்ரஷன் சுமார் 8.8. அதே வால்வு 45 டிகிரியில் மூடினால் 11 சதவீதம் போய்விடுகிறது, கம்ப்ரஷன் 8.3-க்கு இறங்குகிறது. 60 டிகிரி என்றால் ஸ்ட்ரோக்கில் ஐந்தில் ஒரு பங்கு வீண், கம்ப்ரஷன் 7.6. பிஸ்டனை மாற்றவில்லை, ஹெட்டை மாற்றவில்லை, கேமை மட்டும் மாற்றியதில் 9.2 என்று எழுதியிருக்கும் எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மில் பழைய காலத்துக் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின் போல நடந்துகொள்ளும். உங்கள் நண்பரின் கேம் அவர் வண்டியில் பிரமாதமாக ஓடுவதற்குக் காரணமும் இதில்தான் இருக்க வேண்டும். அவ்வளவு லிஃப்ட் உள்ள கேமைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய சிலிண்டர், உயர்ந்த கம்ப்ரஷன் பிஸ்டன், போர்ட் செய்த (காற்றுப் பாதையைச் செதுக்கிச் சீராக்கிய) ஹெட் எல்லாம் சேர்த்தே செய்திருப்பார்கள். தாமதமாக மூடும் வால்வு விட்டுவிடும் கம்ப்ரஷனை அந்தப் பிஸ்டன் ஈடுகட்டிவிடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஹார்லி கேம்களுக்குக் கொடுக்கும் டிகிரி எண்கள் வழக்கமாக 0.053 இன்ச் லிஃப்டில் அளந்தவை. வால்வு முழுதாக உட்காருவது அதற்குப் பிறகுதான். ஆகவே மேலே சொன்ன கம்ப்ரஷன் எண்கள் துல்லியமானவை அல்ல, இரண்டு கேம்களை ஒப்பிட உதவுபவை. ஒரு கேமின் எண் 0.053-லும் இன்னொன்றின் எண் வேறோர் அளவிலும் எடுக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. காகிதத்தில் எந்த அளவில் எடுத்தது என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கணக்கு, அதில் சந்தேகம் இல்லை. இனி சொல்வது அனுபவ விதி, அதற்கு விலக்குகள் உண்டு. கம்ப்ரஷனை மாற்றாத 96-ல் இன்டேக் 25 முதல் 35 டிகிரிக்குள் மூடினால் கீழிருந்தே இழுவை நன்றாக இருக்கும். 40-ஐ நெருங்கும்போது நடு ஆர்பிஎம் பலமாகும், கீழே கொஞ்சம் மெலியும். 45-ஐத் தாண்டினால் கம்ப்ரஷனை ஏற்றாமல் போடக்கூடாது என்பது என் கருத்து. சைலன்சர் குழாயின் நீளமும் குறுக்களவும், ஹெட் எவ்வளவு காற்றை விடுகிறது என்பதும், டியூன் செய்தவரின் கையும் இந்த எல்லைகளை அப்படியும் இப்படியும் நகர்த்தும். ஒரே கேமை ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளில் போட்டு, சைலன்சர் வித்தியாசத்தால் மட்டுமே இழுவை தொடங்கும் இடம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

டைனோ (எஞ்சினின் பவரை அளக்கும் இயந்திரம்) தரும் கிராஃபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேம் விற்பவர்கள் காட்டுவது அதைத்தான். ஆரம்ப காலத்தில் நானே அதில் ஏமாந்திருக்கிறேன். ஒருவருக்கு, உங்களுடையது போலவே பாரம் ஏற்றிப் போகும் வண்டி, கிராஃபின் உச்சியை மட்டும் பார்த்துப் பெரிய கேமைப் போட்டுக் கொடுத்தேன். டைனோவில் உச்ச குதிரைத்திறன் அழகாக ஏறியிருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தார். கோபப்படவில்லை, ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை மட்டும் கொடுத்தார். பின்னால் அவரை உட்கார வைத்துக்கொண்டு ஒரு நீண்ட மேட்டில் ஏறினேன். முன்னால் போன லாரியை முந்துவதற்காக ஆறாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் சத்தம் மட்டும்தான் கூடியது. ஐந்துக்கு வந்தேன், போதவில்லை. நான்குக்கு வந்த பிறகுதான் வண்டி எழுந்தது. முந்தி முடிப்பதற்குள் எதிரே வளைவு வந்துவிட்டது. அன்றிலிருந்து டைனோ கிராஃபைக் கையில் கொடுத்தால் முதலில் 2,500 ஆர்பிஎம் கோட்டின் மேல் விரலை வைத்து, அங்கே டார்க் (சுழற்றும் விசை, அதாவது இழுவை) எவ்வளவு என்று பார்க்கிறேன். பல கிராஃப்கள் 2,500-ல் தொடங்குவதே இல்லை, 3,000-லிருந்துதான் தொடங்கும். உங்களுக்கு வேண்டிய பகுதியையே காட்டாத கிராஃப் உங்களுக்குப் பயன்படாது.

குதிரைத்திறன் என்பதே டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்தான். டார்க் பவுண்டு-அடியில் இருக்க வேண்டும். 2,500-ல் 80 பவுண்டு-அடி கொடுக்கும் எஞ்சினுக்கு அந்த இடத்தில் 38 குதிரைத்திறன். 70 கொடுத்தால் 33. நீங்கள் மேட்டில் உணர்வது இந்த ஐந்து குதிரைத்திறன் வித்தியாசத்தை. உச்சியில் எட்டு குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைத்தாலும், 5,000-ஐத் தாண்டி ஓட்டாத ஒருவருக்கு அது கிராஃபில் மட்டும்தான் இருக்கும்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். லிஃப்டுக்கும் பயன் உண்டு. வால்வு அதிகம் திறந்தால் அதிகக் காற்று போகும், அதுவும் மூடும் நேரத்தைத் தள்ளிப்போடாமலே. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெட்டில் ஓர் அளவுக்கு மேல் வால்வைத் தூக்கினாலும் காற்று கூடுவதில்லை, போர்ட்டின் வடிவமே தடையாகிவிடும். அந்த எல்லைக்கு மேல் போனால் செலவும் தேய்மானமும்தான் மிச்சம். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தொப்பி வால்வு கைடின் சீலில் இடிக்கலாம். ட்வின் கேம் ஹெட்டுகளில் 2005 மாடலிலிருந்து தேன்கூடு வடிவ ஸ்பிரிங் வந்தது, பழையதைவிட அதிக லிஃப்டைத் தாங்கும். உங்களுடையது 96 என்பதால் அந்தப் புது ஹெட்தான். இருந்தாலும் 0.640 என்பது ஸ்பிரிங்கையும் மாற்றி, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் இடைவெளியைக் களிமண் வைத்து அளந்த பிறகே தொட வேண்டிய அளவு. ஹெட்டைக் கழற்றுவதில்லை என்று நீங்கள் முடிவு செய்திருப்பதால் அந்தக் கேமை இங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் ஓவர்லாப். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்டேக் திறந்துவிடும், கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே திறந்திருக்கும். இது கூடினால் ஐட்லிங்கில் அந்த இடறி இடறித் துடிக்கும் சத்தம் வரும். பலருக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் காரணம், ஐட்லிங்கில் புகை புதுக் கலவையோடு கலந்து எரிதல் சீராக நடக்காமல் போவதுதான். ட்வின் கேம் 96-ன் எரிபொருள் ஊசிமுறை, மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளந்து அதை வைத்தே எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிடுகிறது. ஓவர்லாப் கூடினால் அந்த அழுத்தமே மாறிவிடும், பழைய கணக்கு தப்பாகிவிடும். ஆகவே எவ்வளவு மென்மையான கேமாக இருந்தாலும், போட்ட பிறகு மறுபடியும் டியூன் செய்தே ஆக வேண்டும். ஏற்கெனவே டியூன் செய்தாயிற்றே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்த டியூன் பழைய கேமுக்குச் செய்தது.

கேமைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் ஆண்டை உறுதிசெய்யுங்கள். 1999 மாடலில் வந்த ட்வின் கேம் 88-ம் 2007-ல் வந்த 96-ம் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் கேம் அறைக்குள் வேறுபட்டவை. பழையதில் கேம்களின் வெளிமுனை பேரிங்கில் உட்காரும், பிரஸ் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். 2007 முதல் அந்த பேரிங் இல்லை, கேம் நேராக கேம் தட்டிலேயே சுற்றுகிறது. ஹார்லியின் டைனா மாடல்களுக்கு மட்டும் இந்த மாற்றம் 2006 மாடலிலேயே வந்துவிட்டது. ஆகவே பழைய வண்டிக்கான கேம் புது வண்டியில் ஏறாது. பழையதில் இன்னொரு தொல்லை, கேமைச் சுற்றும் சங்கிலியை ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்திருக்கும் டென்ஷனர் கட்டை. பிளாஸ்டிக் மாதிரியான பொருள், சங்கிலி அதைத் தேய்த்துத் தேய்த்துத் துகளாக்கும், துகள் ஆயில் பம்ப்புக்குப் போகும். உங்களுடையதில் ஹைட்ராலிக் டென்ஷனர் இருக்கிறது, தேய்மானம் மிகக் குறைவு. இருந்தாலும் அறையைத் திறந்ததும் கட்டையின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, சங்கிலித் தடம் இரண்டு மெல்லிய கோடுகளாக மட்டும் தெரிந்தால் நல்லது. சொரசொரப்போ, பெயர்ந்த குழியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். உள்பக்கத்து ஊசி பேரிங்குகளையும் இதே சமயத்தில் மாற்றுவது புத்திசாலித்தனம். மறுபடி இவ்வளவையும் கழற்ற உங்களுக்கும் மனம் வராது.

சங்கிலிக்குப் பதிலாகப் பல்சக்கரத்தில் ஓடும் கேம் போடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. நல்ல ஏற்பாடு, ஆனால் கிராங்க் நேராக இருந்தால்தான். கிராங்க் முனையின் ஆட்டம் 0.003 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. ட்வின் கேம் கிராங்க் அழுத்திக் கோர்த்தது, அதனால் அது எவ்வளவு ஆடுகிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆட்டம் அதிகமானால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். சங்கிலி அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உங்கள் தேவைக்குச் சங்கிலியே போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 1984-ல் வந்த எவல்யூஷன் பெரிய எஞ்சினிலும், 2017 மாடலில் வந்த மில்வாக்கி-எயிட்டிலும் ஒரே கேம்தான், ஸ்போர்ட்ஸ்டரில் நான்கு. பாகங்கள் வேறு, ஆனால் இன்டேக் மூடும் நேரத்தைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்தும். மில்வாக்கி-எயிட் 107-ல் கம்ப்ரஷன் 10, 114-ல் 10.5. சிலிண்டருக்கு நான்கு வால்வு என்பதால் குறைந்த லிஃப்டிலேயே நிறையக் காற்று போகும். ட்வின் கேமின் எண்களை அதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எஞ்சினுக்கு என் தேர்வு இது. இன்டேக் 30 முதல் 36 டிகிரிக்குள் மூட வேண்டும். லிஃப்ட் 0.490 முதல் 0.550 வரை. இன்டேக் திறந்திருக்கும் மொத்தக் காலம் 220 முதல் 230 டிகிரி. இந்தக் காலத்தை நீங்களே சரிபார்க்கலாம்: திறக்கும் எண், மூடும் எண், 180 மூன்றையும் கூட்டினால் போதும். மேல்மட்டத்துக்கு 12 டிகிரி முன்பு திறந்து, அடிமட்டத்துக்கு 36 டிகிரி பின்பு மூடினால் 228. இந்த வரம்புக்குள் ஆண்ட்ரூஸ் நிறுவனத்தின் 48 போல 96, 103 எஞ்சின்களுக்கென்றே செய்த கேம்கள் இருக்கின்றன. ஹார்லியின் சொந்த 255 கேமையும் பலர் போடுகிறார்கள். அது இன்னும் சீக்கிரமாகவே மூடும், 2,000-லிருந்தே முரட்டு இழுவை. 4,500-க்கு மேல் மூச்சு வாங்கும். பாரத்தோடு மேடு ஏறுவது மட்டுமே முக்கியம் என்றால் 255 மோசமில்லை. நானாக இருந்தால் கொஞ்சம் மேலேயும் மூச்சு இருக்கும் முதல் வகையைத்தான் எடுப்பேன், ஏனென்றால் தனியாக ஓட்டும் நாட்களும் உங்களுக்கு இருக்கும்.

சீக்கிரம் மூடும் கேமுக்கும் ஒரு விலை உண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். காற்றால் குளிரும் எஞ்சினில், வெயிலில், பாரத்தோடு, குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது அது நாக்கிங்காக வெளிப்படும், டின்னுக்குள் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற சத்தம். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். கேம் போட்ட பிறகு சூடான எஞ்சினில், த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் கேஜால் அளந்து பாருங்கள். 190 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் டியூன் செய்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இக்னிஷனைக் கீழ்ப் பகுதியில் சில டிகிரி பின்வாங்குவார். இந்த 190-ம் அனுபவ எல்லைதான், பெட்ரோலின் தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

பொருத்துவதைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, சர்வீஸ் கையேடு இருக்கிறது. ஓரிடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எஞ்சின் போகிறது. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய புஷ்ராடு (கேமின் தள்ளலை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பி) வாங்கினால் ராக்கர் பெட்டியைக் கழற்றாமலே பழைய புஷ்ராடுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். அந்தச் சிலிண்டரை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்மட்டத்தில் நிறுத்தி, புஷ்ராடை ஆட்டம் போகும்வரை நீட்டி, பிறகு தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகள் மட்டும் கூடுதலாக நீட்டுவீர்கள். அப்போது கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே இருக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்குள் இருக்கும் ஆயில் உடனே வெளியேறாது, வால்வு லேசாகத் திறந்தே நிற்கும். அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடலாம். புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். இறுகி நின்றால் காத்திருங்கள். பத்து நிமிடமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். எண்ணெயில் வழுக்குவது போல விரலுக்குள் இலேசாகச் சுழன்றால் டாப்பெட் இறங்கிவிட்டது, இனி அடுத்த சிலிண்டருக்குப் போகலாம்.

கேமை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் எழுதுங்கள்: வண்டியின் மாடல் ஆண்டு, இப்போது இருக்கும் கேமோடு சூடான எஞ்சினில் கம்ப்ரஷன் எவ்வளவு என்று. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேமைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதற்குக் காரணம் தேடலாம். ஒருவேளை மேட்டில் திணறுவதே அதனால்கூட இருக்கலாம்.